கோழி ஊறிய உப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது?

கோழியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வாட்டும் செய்முறை எதை எடுத்துப் பார்த்தாலும், உப்பு எவ்வளவு, எத்தனை மணி நேரம், மிளகு இடிக்க வேண்டுமா வேண்டாமா என்று பத்தி பத்தியாக இருக்கும். ஊறி முடிந்த பிறகு செய்ய வேண்டியதற்கு மட்டும் ஒரே வரி: தண்ணீரை வடித்துவிடவும். இளஞ்சிவப்பு நிறத்தில், கொழுப்புத் துணுக்கும் பூண்டுத் தோலும் மிதக்கும் நாலு லிட்டர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த ஒரு வரிக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று தெரியும்.

எங்கள் வீடு தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருவில் இருக்கிறது. சமையலறைத் தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் வீட்டு செப்டிக் டேங்குக்குப் போகின்றன. பின்பக்கம் பாத்திரம் தேய்க்கும் இடத்துத் தண்ணீர் மட்டும் சின்ன வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகும். வாசல் பக்கம் கறிவேப்பிலையும் ரோஜாத் தொட்டிகளும், மதிலோரம் ஒரு தென்னையும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கும், தெரிந்தவர்கள் கேட்டால் அவர்களுக்கும் முழுக் கோழி வாட்டித் தருகிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் வான்கோழியும் வரும். அதனால் இந்தத் தண்ணீரோடு எனக்குப் புழக்கம் அதிகம்.

பேசிப் பார்த்ததில், இந்தத் தண்ணீரைப் பற்றி எல்லோரும் இரண்டு விஷயங்களை நம்புகிறார்கள். ‘உப்பு இருக்கிறதே, கிருமி செத்துப்போயிருக்கும்’ என்பது ஒன்று. ‘கறி கழுவின தண்ணீர்தானே, செடிக்கு ஊற்றினால் உரம்’ என்பது இன்னொன்று. இரண்டுமே தலைகீழ். சமையலறைக்குள் இருக்கும்வரை இதில் பயப்பட வேண்டியது பச்சைக் கறியின் கிருமிக்கு. வாசற்படி தாண்டி மண்ணுக்குப் போய்விட்டால் பயப்பட வேண்டியது உப்புக்கு. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். நான் ஒரு லிட்டருக்கு 50 கிராம் உப்பு போடுகிறேன், அதாவது சுமார் 5 சதவீதம். கடல் தண்ணீரில் இருக்கும் உப்பு சராசரியாக 3.5 சதவீதம்தான். மெரினாவில் காலை நனைக்கிற தண்ணீரைவிட இது கரிப்பு. உப்பை எடை போட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஒரே டம்ளரில் கல் உப்பை அளந்தால் ஒரு எடை, தூள் உப்பை அளந்தால் வேறு எடை. செய்முறையில் சொன்ன ஒரு கப் உங்கள் வீட்டில் எவ்வளவு என்று தராசுக்குத்தான் தெரியும். நாலு லிட்டருக்கு 200 கிராம் உப்பு. இரண்டு கோழியும் இரவு முழுக்க ஊறினாலும் அதில் கொஞ்சத்தைத்தான் இழுத்துக்கொள்ளும். பெரும்பகுதி அந்தத் தண்ணீரிலேயே நிற்கும். பதிலுக்குக் கறியிலிருந்து சாறும், கரையக்கூடிய புரதமும், நிறமும் தண்ணீருக்கு வந்துவிடும். அந்த இளஞ்சிவப்புக்கு அதுதான் காரணம்.

கூடவே கிருமிகளும் வரும். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்றவை இருக்க வாய்ப்பு உண்டு. 5 சதவீத உப்பு சிலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் அல்லது மெதுவாக்கும், எல்லாவற்றையும் கொன்றுவிடாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற வகைக்கு இதைப்போல இரண்டு மடங்கு உப்பு இருந்தாலும் கவலையில்லை. லிஸ்டீரியா இன்னும் மோசம்; உப்பையும் தாங்கும், ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும்.

“மாவடு தண்ணீர் வருஷக்கணக்கா இருக்கே, அது கெட்டா போகுது?” என்று அத்தை கேட்டார். அத்தை என்றால் மாமியார். நியாயமான கேள்விதான். மாவடுவில் உப்பு இதைவிட மிக அதிகம். மாங்காயின் புளிப்பும் சேர்ந்துகொள்கிறது. அதில் பச்சைக் கறி கிடையாது. அந்தத் தண்ணீரைத் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம். கோழி ஊறிய தண்ணீரை, பச்சைக் கோழிக் கவரின் அடியில் தேங்கி நிற்கும் ரத்தத் தண்ணீரைப் போலத்தான் நடத்த வேண்டும். உப்பு சேர்ந்திருப்பதால் அதற்குத் தனி மரியாதை எதுவும் இல்லை.

அதனால் மறுமுறை பயன்படுத்தும் பேச்சே வேண்டாம். என் கணவர் சிக்கனக்காரர். “கொதிக்க வைத்தால் கிருமியெல்லாம் போய்விடுமே” என்றார். கிருமி போகும். ஆனால் சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் போகாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் உண்டாக்கும் நஞ்சு அப்படிப்பட்டதுதான். அதோடு கறி தன் நீரை விட்டு உப்பை எடுத்துக்கொண்டதால், மிச்சமிருக்கும் உப்பின் அளவு என்ன என்று கணக்கு தெரியாது. கொதிக்க வைத்தால் கரைந்திருந்த புரதம் திரிந்து அழுக்கு நுரையாக மேலே வந்து நிற்கும், வாடையும் வீசும். கிலோ உப்பு என்ன விலை விற்கிறது? அதை மிச்சம் பிடிக்கப் போய் எரிவாயுவைச் செலவழிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. குழம்புக்கும் ஊற்ற முடியாது, ஒரு கரண்டியிலேயே வாயில் வைக்க முடியாமல் போகும்.

கொட்டுவதை எளிதாக்கும் வேலை, ஊறப்போடும்போதே தொடங்குகிறது. பாத்திரம் பெரிதாக இருந்தால் கோழி மூழ்கத் தண்ணீரும் அதிகம் வேண்டும். பிறகு அத்தனையையும் கொட்டியாக வேண்டும். நான் கோழி நெருக்கமாக உட்காரும் அளவு டப்பாவைத் தேர்ந்தெடுக்கிறேன். உணவுக்கான கனமான ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடினால் பாதித் தண்ணீரே போதும். ஆனால் பையை ஒரு கிண்ணத்துக்குள் நிறுத்தி வைக்க வேண்டும், பை ஓட்டையாவது சகஜம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். உப்பு அதை அரிக்கும், எலுமிச்சை சேர்த்திருந்தால் இன்னும் சீக்கிரம். எவர்சில்வர் ஓர் இரவுக்குத் தாங்கும், ஆனால் காலி செய்ததும் கழுவிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் காய்ந்து ஒட்டியபடி விட்டால் எவர்சில்வரிலும் ஊசி குத்தியதுபோல் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும்.

ஃபிரிட்ஜில் இடம் கீழ்த்தட்டுதான், அடியில் ஒரு தட்டு வைத்து. மேல்தட்டில் வைத்து ஒரு சொட்டு சிந்தினாலும் அது கீழே இருக்கும் கொத்தமல்லி மேலும், நாளைக்கு அரைத்து வைத்த சட்னி மேலும் விழும். குளிர் 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. ஃபிரிட்ஜுக்கான சின்ன வெப்பமானி விலை குறைவுதான், வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். சென்னையின் மே மாதத்தில் அடிக்கடி திறந்து மூடும் ஃபிரிட்ஜுக்குள் என்ன குளிர் இருக்கிறது என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் தண்ணீரோடு சேர்த்துக் கோழியையும் தூக்கிப் போட வேண்டியதுதான். வெளியில் வைப்பதானால் மொத்தம் 2 மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரே மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் ஊர்ச் சமையலறையில் வருஷத்தில் பாதி நாளுக்கு அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும்.

இனி கொட்டும் வேலை. வரிசை முக்கியம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கோழியை எடுக்கும் முன்பே சிங்க்கைக் காலி செய்துவிட வேண்டும். நம் சமையலறைகளில் சிங்க் பக்கத்திலேயேதான் பாத்திரக் கூடை இருக்கும், கழுவிய டம்ளர்கள் கவிழ்ந்திருக்கும், குடிதண்ணீர்க் குழாயும் கை தொடும் தூரத்தில் இருக்கும். எல்லாவற்றையும் நகர்த்தி வைக்கிறேன். காய்கறி நறுக்குவதும் கீரை அலசுவதும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அப்புறம் கோழியை இடுக்கியால் எடுத்து, பக்கத்தில் தயாராக வைத்த தட்டில் வைக்கிறேன். கோழி உள்ளே இருக்கும்போதே டப்பாவைச் சாய்த்து வடிக்கப் பார்த்தால், கடைசி நிமிடத்தில் கோழி வழுக்கித் தொப்பென்று விழுந்து தண்ணீர் மேடை, சுவர், நைட்டி என்று தெறிக்கும். வெளியே எடுத்த கோழியின் வயிற்றுக்குள்ளும் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். அதை டப்பாவுக்கு மேலேயே சாய்த்து வடித்துவிட வேண்டும்.

சிங்க்கின் ஓட்டை மேல் பழைய டீ வடிகட்டி ஒன்றை வைத்து, டப்பாவின் விளிம்பு கிட்டத்தட்ட சிங்க்கின் அடியைத் தொடுகிற மாதிரி தாழ்த்தி, மெல்ல ஊற்றுகிறேன். உயரத்திலிருந்து ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் எங்கெங்கோ போகும். குழாயைத் திறப்பதானால் மெல்லிய தாரையாக, பச்சைத் தண்ணீர் மட்டும். இந்த நேரத்தில் வெந்நீர் ஊற்றக் கூடாது. ரத்தக் கறை பட்ட துணியை வெந்நீரில் போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதே புரதம்தான் இங்கேயும், சூடு பட்டால் கெட்டியாகிக் குழாயில் ஒட்டும்.

தண்ணீர் போய்விட்டது என்று அதோடு நிறுத்திவிடக் கூடாது. சிங்க்குக்கு அடியில் வளைவுக் குழாயோ பாட்டில் டிராப்போ இருக்கும், அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கடைசியாக ஊற்றியது எதுவோ அதுதான் அங்கே தங்கும். கடைசியாகப் போனது உப்பும் கறிச் சாறுமாக இருந்தால் மறுநாள் காலை காபி போடும்போது வாடை வரும். மாதக்கணக்கில் இப்படியே நடந்தால் சிங்க்குக்குக் கீழே மாட்டியிருக்கும் உலோகக் கப்ளிங்கையும் உப்பு தின்றுவிடும். அதனால் நாலைந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றித் தள்ளிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் சோப்பு. சிங்க், குழாயின் பிடி, மேடையின் விளிம்பு, ஃபிரிட்ஜ் கைப்பிடி எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு வாசனை சேர்க்காத திரவ பிளீச் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, 4 லிட்டர் தண்ணீரில் கலந்து சிங்க்கில் பரவவிட்டு, பத்து நிமிடம் கழித்து அலசிவிடுகிறேன். சோப்பு போடாமல் நேராக பிளீச் ஊற்றினால் பலன் குறைவு. அழுக்கும் கொழுப்பும் இருக்கிற இடத்தில் அதன் வீரியம் அங்கேயே செலவாகிவிடும். ஒரு எச்சரிக்கை: பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதையும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது விளையாட்டு இல்லை.

சிங்க்கில் ஊற்றவே மனசு வரவில்லை என்றால் கழிவறைக் கோப்பையில் ஊற்றி ஃபிளஷ் செய்துவிடலாம், தவறே இல்லை. கடைசியில் அதுவும் அதே செப்டிக் டேங்குக்குத்தான் போகிறது, சமையலறையும் சுத்தமாக இருக்கும். வான்கோழித் தண்ணீர் முழுக்க எங்கள் வீட்டில் அப்படித்தான் போகிறது. வடிகட்டியபின் ஊற்றுங்கள், அவ்வளவுதான். கிராம்பும் பட்டையும் அங்கே போய் எதற்கு?

இந்த இடத்தில் கோழியைக் கழுவும் விஷயத்தைத் தொடாமல் இருக்க முடியாது. மஞ்சள் போட்டு மூன்று முறை அலசாத கோழியை நம் வீடுகளில் யாரும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்த கோழியையும் குழாயடியில் பிடித்து அலசச் சொல்வார்கள். அமெரிக்க விவசாயத் துறை 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் கிருமி இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்ய முயன்ற பிறகும் 14 சதவீதம் பேரின் சிங்க்கில் அது போகவில்லை. கழுவியவர்களில் 26 சதவீதம் பேர் பக்கத்தில் செய்த சாலட் கீரைக்கும் அதைக் கடத்திவிட்டார்கள். கோழிக்குள் இருக்கும் கிருமியைச் சூடுதான் கொல்லும்: தொடையின் கனமான இடத்தில் 74 டிகிரி. மஞ்சளுக்கு அந்த வேலை முடியாது.

இதை வைத்துக்கொண்டு அத்தையிடம் வாதாட நான் போகவில்லை. எங்களுக்குள் ஓர் உடன்பாடு உண்டு. கடையிலிருந்து வந்ததும் கழுவியே ஆக வேண்டும் என்றால், குழாயடியில் பிடிக்காமல் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து அதற்குள் மெல்ல அலசிக்கொள்ளலாம். ஊறிய பிறகு கழுவல் கிடையாது. காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடுவோம். ஒற்றினால் தோலும் காய்ந்து நன்றாக மொறுமொறுக்கும் என்பதால் அத்தையும் இதை ஒப்புக்கொண்டார்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எங்கும் யாரும் இதை எழுதிப் பார்த்ததில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா காலையில் வந்து தேய்க்கட்டும் என்று ஊறிய டப்பாவை அப்படியே சிங்க்கில் போட்டுவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. இரவு முழுக்க அது சூட்டில் கிடக்கிறது. காலையில் அக்கா அதில் வெறுங்கையை விடுகிறார். நாள் முழுக்கச் சோப்பிலும் சாம்பலிலும் கிடந்து வெடித்த விரல்கள். உப்பு பட்டால் எரியும், வெடிப்பு வழியே கிருமியும் போகும். பிறகு அதே நார், அதே சோப்புக் கிண்ணத்தோடு குழந்தையின் பால் டம்ளரையும் தேய்ப்பார், அவர்மேல் என்ன தப்பு? அந்த டப்பாவையும் இடுக்கியையும் நானே கழுவிவிடுகிறேன். அதற்கென்று தனி நார், அது சிங்க்குக்குக் கீழே தொங்கும்.

இப்போது வாசற்படி தாண்டுவோம்.

மீன் கழுவிய தண்ணீரை ரோஜாவுக்கும், கறி அலசிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றுவது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் பழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது, ரத்தமும் சாறும் தழைச்சத்து தரும். அதனால் நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சிங்க் பக்கம் போனாலே அத்தைக்குப் பொறுக்காது. “நல்ல சத்துத் தண்ணியை ஏம்மா சாக்கடைக்கு விடுற? கறிவேப்பிலை எப்படி வெளிறிக் கிடக்கு பாரு.”

“அத்தை, இது கறி கழுவின தண்ணி இல்ல. கடல் தண்ணியைவிட உப்பு. ஒரு சொட்டு விரல்ல வெச்சாலே தெரியும், ஆனா வெச்சுப் பார்க்காதீங்க” என்றேன்.

மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. இலை ஓரம் காயும், வாடும். நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். சோடியம் களிமண்ணின் கட்டமைப்பையும் கெடுக்கும். மண் இறுகி, மேலே தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் நிற்கும். தரையில் இருக்கும் செடியாவது மழையில் கொஞ்சம் தப்பிக்கும். தொட்டிச் செடிக்கு அந்த உப்பு எங்கும் போக வழியில்லை.

“தண்ணீர் கலந்து ஊற்றினால்?” என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். 5 சதவீதத்தை, செடி ஓரளவு தாங்கும் 0.1 சதவீதத்துக்குக் கொண்டுவர ஐம்பது மடங்கு ஆக்க வேண்டும். நாலு லிட்டருக்கு 200 லிட்டர், ஒரு நீல டிரம் முழுக்க. சென்னைப் புறநகரில் லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் இதை யார் செய்வார்கள்? ஏற்கெனவே போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற தெருவென்றால் அந்தக் கணக்கும் போதாது.

அத்தை அதோடு விட்டுவிடவில்லை. “தென்னைக்கு உப்பு போடுவோமே?” என்றார். அவர் பிறந்தது பேராவூரணிப் பக்கம், தென்னையைப் பற்றி அவரிடம் நான் பாடம் எடுக்க முடியாது. உண்மைதான். தென்னங்கன்று வைக்கும் குழியில் உப்பு போடும் வழக்கம் உண்டு, உப்பைத் தாங்கும் மரம் அது, உப்பில் இருக்கும் குளோரைடும் அதற்குச் சத்து. மரம் பட்டுப்போகும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் குழியில் போடுவது வெறும் உப்பு. இது பச்சைக் கறிச் சாறு. மதிலோரம் இதை ஊற்றினால் சாயங்காலத்துக்குள் எறும்பும் ஈயும், ராத்திரிக்குள் பூனையும் பெருச்சாளியும் வந்து மண்ணைத் தோண்டும். தென்னைக்கு நாலடி தள்ளித்தான் எங்கள் புதினாப் பாத்தியும் இருக்கிறது. பச்சையாகக் கிள்ளிச் சட்னி அரைக்கிற தழைக்குப் பக்கத்தில் பச்சைக் கோழித் தண்ணீரை எப்படி விடுவது? புதினாப் பேச்சு வந்ததும்தான் அத்தை இறங்கி வந்தார்.

எங்கள் வீட்டில் கவனிக்க வேண்டிய இன்னோர் இடம் பின்பக்கத்துப் பாத்திரம் தேய்க்கும் இடம். அங்கே ஊற்றுவதுதான் வசதி. தெறித்தாலும் கவலையில்லை, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். ஆனால் அந்த வாய்க்கால் போய்ச் சேருவது வாழையடியில். உப்பு சுத்தமாக ஒத்துக்கொள்ளாத பயிர் வாழை. உங்கள் வீட்டில் எந்தக் குழாயில் ஊற்றினால் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருமுறை பின்னாலேயே நடந்து பார்த்துவிடுவது நல்லது. பல பழைய வீடுகளில் குளியலறைத் தண்ணீர் ஒரு பக்கம், சமையலறைத் தண்ணீர் ஒரு பக்கம், மொட்டை மாடித் தண்ணீர் ஒரு பக்கம் என்று போகும். மழைநீர் சேகரிப்புக் குழிப் பக்கம் தவறியும் போய்விடக் கூடாது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய பிறகு பல வீடுகளில் அது இருக்கிறது. அதற்குள் போகும் தண்ணீர் கடைசியில் நம் கிணற்றுக்கும் போருக்கும்தான் இறங்கும். மணலும் ஜல்லியும் தூசியை வடிகட்டும். கரைந்த உப்பை வடிகட்டாது. தெருவோர மழைநீர் வடிகாலும் வேண்டாம். அது சாக்கடை இல்லை, ஏரிக்கோ கால்வாய்க்கோ போகிற வழி.

செப்டிக் டேங்க் பாழாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உப்பில் செத்துவிடும் என்ற பயம். 4,000 லிட்டர் டேங்க்கில் 200 கிராம் உப்பு போனால் 0.005 சதவீதம். ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டிலேயே தொழிலாகச் செய்து, தினமும் நாற்பது ஐம்பது லிட்டர் ஊற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது நாளுக்கு இரண்டு இரண்டரை கிலோ உப்பு, உறிஞ்சுகுழி வழியாக அக்கம்பக்கத்து நிலத்தடி நீரில்தான் சேரும். அவர்கள் தண்ணீரின் அளவையே குறைக்கும் வழியைப் பார்க்க வேண்டும்.

வடிகட்டியில் தங்கிய கொழுப்பு, தோல், மிளகு, பிரிஞ்சி இலை இவற்றைச் செய்தித்தாளில் சுருட்டி, ஒரு பையில் கட்டி, வண்டி வரும் காலைவரை ஃபிரீசரில் வைத்துவிடுகிறேன். கேட்பதற்கு ஒருமாதிரி இருக்கும். வெயில் காலத்தில் ஓர் இரவு வெளியே வைத்துப் பாருங்கள், அப்புறம் நீங்களும் ஃபிரீசரில்தான் வைப்பீர்கள். உரக்குழியில் போட வேண்டாம், எலி வரும், உப்பும் சேரும். தெரு நாய்க்குப் போடுவதும் வேண்டாம். கறி வாசனைக்காக நாய் உப்புத் தண்ணீரைக்கூட நக்கிக் குடித்துவிடும். உப்பு அதிகமானால் நாய்க்கு வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை போகும். டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள்.

வான்கோழி தனிக் கதை. ஐந்து கிலோ பறவைக்கு எட்டு, பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும், ஃபிரிட்ஜில் இடம் இருக்காது. நான் ஐஸ்பெட்டியில் வைத்து, ஐஸை நேராகப் போடாமல் பைகளில் கட்டிப் போடுகிறேன். நேராகப் போட்டால் கரைந்து உப்பு நீர்த்துப்போகும், கொட்ட வேண்டிய தண்ணீரும் கூடும். முடிந்தபிறகு அந்தப் பெட்டியைத் தூக்கிச் சாய்க்கும் வீரமெல்லாம் வேண்டாம். ஒரு பழைய மக்கால் மொண்டு மொண்டு அரை வாளியாக நிரப்பிக் கழிவறைக்குக் கொண்டுபோவதுதான் முதுகுக்கும் தரைக்கும் நல்லது. அந்த மக் அதோடு கழுவி வெயிலில் காயும்.

நிறம் பிடிப்பதற்காக உப்போடு வேறு ஒன்றும் சேர்க்கும் வழக்கம் உண்டு. சென்னையின் ஆங்கிலோ இந்திய வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு மாட்டுக்கறியை உப்பும் எலுமிச்சையும் வெடியுப்பும் தேய்த்து நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். கறியே விட்ட நீரில் அது ஊறும். இப்போது இணையத்தில் ‘பிங்க் கியூரிங் சால்ட்’ என்று கிடைக்கிறது, அதில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட். சாதா உப்போடு குழம்பக் கூடாது என்றுதான் இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். நம் வீட்டிலோ இந்துப்பும் அதே நிறத்தில் பக்கத்து டப்பாவில் இருக்கும்! பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இப்படி ஊறிய நீரை நிறையத் தண்ணீரோடு சாக்கடைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். எந்தச் செடிக்கும் எந்தப் பிராணிக்கும் அதில் பங்கு கிடையாது.

மோரில் ஊறவைக்கும் வகையைப் பற்றிக் கேட்டால், கொட்டுவதற்கு அதுதான் மிகவும் தொல்லை. வெண்ணெயும் தயிர்த் துணுக்கும் வடிகட்டியை அடைக்கும், குழாயில் படியும், புளித்த வாடை போகவே போகாது. கெட்டியான பகுதியை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு மீதியை மட்டும் ஊற்றுங்கள்.

இத்தனையும் செய்து பழகியபின், வாராவாரம் செய்கிற கோழிக்கு நான் இப்போது தண்ணீரே சேர்ப்பதில்லை. ஒரு கிலோ கோழிக்கு 12 முதல் 15 கிராம் உப்பு, எடை போட்டு, தோலுக்கு மேலும் அடியிலும் தேய்த்து, கீழ்த்தட்டில் கம்பிவலை வைத்த தட்டில் இரவு முழுக்க விட்டுவிடுகிறேன். முதலில் கோழி நீர் விடும், அப்புறம் உப்போடு அதில் பெரும்பகுதியைத் தானே இழுத்துக்கொள்ளும். சதை கிட்டத்தட்ட அதே பதத்தில்தான் வருகிறது, தோல் இன்னும் நன்றாகவே காய்கிறது. காலையில் தட்டில் ஒன்றிரண்டு கரண்டி நீர் மிஞ்சியிருக்கும். காகிதத்தால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட்டு, தட்டைச் சோப்பு போட்டுத் தேய்த்தால் வேலை முடிந்தது. வான்கோழிக்கு மட்டும் இன்னும் ஐஸ்பெட்டியும் மக்கும்தான்.